அறுநூறு கிலோவுக்குள் ஒரு விமானம்

என்னிடம் பல்லைக் காட்ட வருகிறவர்களுக்குப் போன வருடம் முழுக்க ஒரு கூடுதல் தண்டனை இருந்தது. நாற்காலியைச் சாய்த்து, விளக்கை வாய்க்கு நேராக இழுத்து, கன்னத்துக்குள் பஞ்சை வைத்து முடித்ததும் விமானங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவேன். என் கிளினிக் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில், ஒரு பூமாலைக் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. இத்தனை வருடங்களில் அங்கே நான் சொன்னதை யாரும் மறுத்துப் பேசியதில்லை. அதற்குக் காரணம் என் அறிவு என்று நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். வாய்க்குள் கையை விட்டிருப்பவனை யாராலும் மறுத்துப் பேச முடியாது என்பது வீட்டுக்கு வந்து மனைவியிடம் பேசும்போதுதான் தினமும் உறைக்கும்.

“லைட் ஸ்போர்ட்னு ஒரு வகை இருக்கு ஆன்டி. ரெண்டே சீட்டு. விமானம், ஆளு, எண்ணெய், பை எல்லாம் சேர்ந்து அறுநூறு கிலோவைத் தாண்டக்கூடாது” என்பேன்.

“ஆ” என்பார் ஆன்டி.

அதை ஆர்வம் என்று எடுத்துக்கொள்வேன். கொஞ்ச தூரமே ஓடி மேலே எழும்பிவிடுகிற விமானத்துக்கு இறக்கை எப்படி இருக்கும், டயர் ஏன் பெரிதாக இருக்கும் என்று அடுத்த பல் முடிவதற்குள் விளக்கிவிடுவேன். அந்த ஆன்டி இப்போது நாலு கடை தள்ளியிருக்கும் வேறொரு டாக்டரிடம் போகிறார். அவர் பேசவே மாட்டாராம்.

ஐம்பத்தைந்தைத் தாண்டிய பிறகு பறக்கக் கற்றுக்கொண்டவன் நான். அந்த வயதில் மற்றவர்கள் கோல்ஃப் ஆடுவார்கள், இல்லையென்றால் கோயில் கமிட்டியில் சேர்ந்து சண்டை போடுவார்கள். எனக்கும் கமிட்டியில் சேரத்தான் ஆசை. தேர்தலில் நின்றேன். எனக்கு ஓட்டுப் போடுவதாகச் சொன்னவர்களின் கூட்டத்தைப் பார்த்தால் நான் ஜெயித்திருக்க வேண்டும். தோற்ற மறுமாதம் பறக்கும் கிளப்பில் போய்ச் சேர்ந்தேன். மண்ணில் மரியாதை கிடைக்காதவன் ஆகாயத்துக்குப் போகிறான் என்று மனைவி தன் தங்கையிடம் போனில் சொன்னதை நான் காதாரக் கேட்டேன்.

மனைவியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். கிள்ளானில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் தரத்தைச் சோதிக்கும் பிரிவின் தலைவி அவள். கையுறைக்குள் தண்ணீரை ஊற்றித் தொங்கவிட்டு எங்கே ஒழுகுகிறது என்று பார்ப்பார்களே, அந்தப் பிரிவு. வீட்டில் அதே வேலையை என் பேச்சுக்குச் செய்வாள்.

எங்கள் வீட்டில் கார் ஓட்டுவதும் அவள்தான். எனக்கு ஓட்டத் தெரியாது என்றில்லை, நிறுத்தத் தெரியாது. “மூணு கார் நிக்கிற இடம் இருந்தாத்தான் நீங்க ஒரு காரை நிறுத்துவீங்க” என்பாள். தீபாவளிச் சமயத்தில் பிரிக்பீல்ட்ஸில் மூன்று கார் இடம் எங்கே கிடைக்கும்? ஆகவே வழி சொல்வது மட்டும் என் பொறுப்பு. அதிலும் நான் இடது பக்கம் என்றால் அவள் வலது பக்க சிக்னலைப் போட்டுவிடுவாள். பெரும்பாலும் அதுதான் சரியான வழியாகவும் இருக்கும்.

பறக்கும் வகுப்புக்கு ஒவ்வொரு சனிக்கிழமை காலையும் அவள்தான் என்னைக் கொண்டுபோய் விட்டாள். விட்டதோடு சரி. ஏர்கண்டிஷனைப் போட்டுக்கொண்டு காருக்குள்ளேயே உட்கார்ந்திருப்பாள். பயிற்சி முடிகிற வரை ஒரு தடவையாவது இறங்கி வந்து அண்ணாந்து பார்த்ததில்லை. நான் முதன்முதலாகப் பயிற்சியாளர் இல்லாமல் தனியாக மேலே போய்விட்டு வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள, உலகத்தையே ஜெயித்த மாதிரி கார் வரை நடந்து வந்தேன். அவள் கண்ணாடியை இறக்கினாள்.

“முடிஞ்சதா? சாப்பிடப் போலாமா?”

எனக்கு அது வலித்தது. ரொம்பவே வலித்தது. போய் ரொட்டி சானாய் மூன்று சாப்பிட்டேன்.

காரின் டேஷ்போர்டில் ஒரு முருகன் இருக்கிறார். கட்டைவிரலைவிடக் கொஞ்சம் உயரம். பத்துமலைப் படிகளுக்குக் கீழே உள்ள வரிசைக் கடை ஒன்றில், எனக்குப் பயிற்சி ஆரம்பித்த வாரத்தில் மனைவி வாங்கியது. எந்தப் பள்ளத்தில் கார் விழுந்தாலும் அசையாமல் நிற்பார். ஆனால் வாங்கிக் கொஞ்ச நாளிலேயே முகத்திலும் மார்பிலும் தங்கப் பெயிண்ட் போய்விட்டது. “மலிவா வாங்கினா இப்படித்தான். வெயில் பட்டதும் வெளுத்துப் போச்சு பாரு” என்று ஏறும்போதெல்லாம் கேலி செய்தேன். வழக்கமாக ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுப்பவள் இதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

உரிமம் கைக்கு வந்ததும் சொந்தமாக விமானம் வாங்க வேண்டும் என்ற பைத்தியம் பிடித்தது. என்னோடு படித்த நண்பன் ஒருவன் பாதிப் பங்குக்கு வந்தான். அவனுக்குக் கிள்ளானுக்கு வடக்கே காப்பாரில் லோரி வியாபாரம், கூடவே கொஞ்சம் செம்பனை, அதாவது பாமாயில் தோட்டம். பறக்கத் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் கிடையாது. விமானத்தில் பாதி தனக்குச் சொந்தம் என்று கல்யாண வீடுகளில் சொல்லிக்கொள்வதற்கே பங்கு சேர்ந்தான். அவன் தோட்டத்தில் பழைய மரங்களை வெட்டிவிட்டுப் புதிதாகக் கன்று நட்டிருந்த பக்கத்தில், கால்வாய் ஓரமாக நேரான புல்தரை ஒன்று இருந்தது. அதில் இறங்கி ஏற அனுமதி வாங்க அவன் பட்ட பாட்டைக் கேட்டால் நாலு வருடத்துக்கு யாரும் விமானம் என்ற வார்த்தையையே எடுக்க மாட்டார்கள். அனுமதி கிடைத்தது. ஆனால் தரையின் நீளம் குறைவு. போதாததற்கு அதன் முடிவில் பக்கத்துத் தோட்டத்துக்காரரின் கிழட்டுச் செம்பனை மரங்கள் வரிசையாக நின்றன.

எனக்கு மனதுக்குப் பிடித்தது வேறு ஒரு விமானம். வெள்ளை நிறம், கூரான மூக்கு, வழவழப்பான உடம்பு. அதன் பக்கத்தில் நின்றால் எனக்கே தொந்தி இல்லாத மாதிரி இருந்தது. ஆனால் அது கிளம்புவதற்குள் நண்பனின் தரை தீர்ந்து, மரங்கள் வந்துவிடும். மிஞ்சியது இன்னொன்று. மேலே அகலமான இறக்கை, கீழே பலூன் மாதிரி ஊதிய டயர், நடுவில் ஒரு தகரப்பெட்டி. அழகு என்ற பேச்சே இல்லை. ஆனால் மெதுவாகப் போனாலும் விழாது, கொஞ்ச தூரம் ஓடினாலே எழும்பிவிடும் என்றார்கள்.

“பார்ட்ஸை மூட்டையா வாங்கி நாமளே பூட்டிடலாம் மச்சான். லோரியே பூட்டுறோம், இது என்ன” என்றான் நண்பன்.

சாப்பாட்டு மேசையில் அதைக் கேட்டுக்கொண்டிருந்த மனைவி தட்டிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னாள்: “சர்டிபிகேட் இல்லாததுல நான் உக்கார மாட்டேன்.”

எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. உட்கார மாட்டேன் என்பது எனக்குக் கேட்கவில்லை. அப்படியென்றால் சர்டிபிகேட் இருப்பதில் உட்காருவாள் என்பது மட்டும்தான் கேட்டது. அன்று ஒரு முடிவுக்கு வந்தேன். இவள் பக்கத்து சீட்டில் உட்காருவதாக இருந்தால் விமானம் வாங்குவேன், இல்லையென்றால் இந்தப் பேச்சையே விட்டுவிடுவேன். மகளும் மகனும் வேலைக்கென்று வெளியூர் போன பிறகு எங்கள் மேசையில் இரண்டு தட்டும் இரண்டு போனும்தான் இருந்தன. போன் எடுக்காத ஓர் இடத்தில் இவளோடு உட்கார்ந்து, இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. இதை அவளிடம் சொல்லியிருக்கலாம். நான் இறக்கையின் நீள அகலத்தைத்தான் சொன்னேன்.

“இறக்கை எதால செஞ்சது?” என்று கேட்டாள்.

“துணி.”

“துணியா? என்ன துணி?”

“பாலியஸ்டர். இழுத்துக் கட்டி மேலே பூச்சு அடிப்பாங்க. ரொம்ப வலு.”

“தெங்கு கிளானா கடையில மீட்டர் கணக்குல கிடைக்குமே, அதுவா?” என்றாள். கிள்ளானில் அவள் சேலை எடுக்கிற வீதி அது.

சர்டிபிகேட்டைக் கொண்டுவந்து காட்டினேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே படித்தாள்.

“இதுல யாரு கையெழுத்து?”

“தயாரிச்ச கம்பெனிக்காரங்க.”

“அவங்களே செஞ்சு, நல்லா இருக்குன்னு அவங்களே சொல்றாங்களா?”

“இந்த வகைக்கு அப்படித்தான். ஒரு ஸ்டாண்டர்ட் இருக்கு. அதன்படி செஞ்சோம்னு கம்பெனி எழுதிக் கொடுக்கும்.”

“மாப்பிள்ளையே தன் ஜாதகத்தை எழுதிக்கிட்ட மாதிரி” என்றாள்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. விற்பனைக்காரரிடம் அவளே கேட்டு, இறக்கையில் மணல் மூட்டை அடுக்கிச் சோதித்த விவரம் முதல் போல்ட் வாங்கிய இடம் வரை எல்லாக் காகிதங்களையும் வரவழைத்தாள். ஒரு வாரம் கீரைக் கூட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தாள். நான் அதே விமானத்தைப் பற்றி ஒரு வருடம் பேசியிருக்கிறேன். அதில் பாதி தப்பு என்று அந்த வாரத்தில் தெரிந்துகொண்டேன். கடைசியில், “பேப்பர் சரியா இருக்கு. இனி ஏறிப் பாத்துச் சொல்றேன். நான் வேணாம்னா வேணாம்தான்” என்றாள்.

விற்பனைக்காரர், பெரிய விமானங்களை ஓட்டி ஓய்வுபெற்ற ஒரு தமிழ் முஸ்லிம். குச்சி மாதிரி உடம்பு, அதிராத பேச்சு. கேப்டன் என்றுதான் எல்லாரும் கூப்பிட்டோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவரே அந்த அழகில்லாத விமானத்தை ஓட்டி வந்து காப்பாரில், நண்பனின் புல்தரையில் இறக்கினார். இறங்கியதும் பின்னாலிருந்து ஒரு பலகையையும் குளியலறையில் வைக்கிற எடை மெஷினையும் எடுத்தார்.

“நான் எழுதிக் கொடுத்த வெயிட் இருக்கே கேப்டன்” என்றேன். நான் எழுதியிருந்தது கல்யாணத்தின்போது இருந்த எடை.

“பேப்பர் வேணாம் டாக்டர். இதுல ஏறுங்க.”

ஏறினேன். எண்ணைப் பார்த்த கேப்டன் என்னை இறங்கச் சொன்னார். பலகையைச் சமமாக வைத்து மறுபடி ஏறச் சொன்னார். எண் மாறவில்லை. மனைவியின் எடையைக் கேப்டன் மட்டும் பார்க்க வேண்டும் என்று ஏற்பாடு. நானும் நண்பனும் செம்பனைக் கன்றுகளைப் பார்த்தபடி திரும்பி நின்றோம். கேப்டன் கொஞ்ச நேரம் மனக்கணக்குப் போட்டார்.

“ரெண்டு பேரும் சேர்ந்து இந்தத் தரையிலிருந்து கிளம்பணும்னா ஒண்ணு எண்ணெயைக் குறைக்கணும், இல்ல டாக்டரைக் குறைக்கணும்” என்றார். “எண்ணெயைக் குறைச்சா ரவாங் வரைக்கும் போகலாம். திரும்பி வர முடியாது.”

“ரவாங்ல இருந்து கொமியூட்டர் ரயில் இருக்குலா” என்றான் நண்பன்.

அப்புறம் பூசை. இன்னும் வாங்காத வண்டிக்கு எதற்குப் பூசை என்று கேட்டேன். “வாங்குறமோ இல்லையோ, ஏறப் போறது நம்ம ஆளுங்கதானே” என்று நண்பன் ஒரு கூடையை இறக்கினான். தேங்காயை ஓடுபாதையில் உடைக்கக் கேப்டன் விடவில்லை. சில்லு ஒன்று கிடந்தாலும் புரொப்பெல்லரில் அடிக்கும் என்றார். அதை லோரிக்குப் பின்னால் கொண்டுபோய் உடைத்தான். எலுமிச்சம்பழத்துக்குத் தடை இல்லை. இரண்டு டயருக்கும் கீழே ஒவ்வொன்றை வைத்து, மூன்று பேரும் சேர்ந்து விமானத்தைக் கையால் முன்னே தள்ளினோம்.

பழம் நசுங்கவில்லை. காற்று குறைவாக அடைத்த அந்த உப்பிய டயர் எலுமிச்சையை மெல்லத் தனக்குள் வாங்கிக்கொண்டு, அந்தப் பக்கம் முழுசாக விட்டுவிட்டது. மறுபடி தள்ளினோம். மறுபடி இரண்டு பழமும் ஈர மண்ணில் பதிந்து பளபளவென்று கிடந்தன. நண்பனின் முகம் மாறியது. எத்தனையோ லோரிக்கு எலுமிச்சை வைத்தவன் அவன், இப்படிப் பார்த்ததில்லையாம். மனைவி பழத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். இந்தப் பழத்தால் எல்லாம் கெட்டுப்போகப் போகிறது என்று தோன்றியது.

“டேய், நீ ஏறி உள்ள உக்காருடா” என்றான் நண்பன்.

உட்கார்ந்தேன். தள்ளினார்கள். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பழமும் பட்டென்று வெடித்தன. என் எடையால் அன்று நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

மனைவி கைப்பையிலிருந்து காரில் இருந்த முருகனை எடுத்து என்னிடம் நீட்டினாள். “இவரை முன்னாடி வைங்க. அப்பதான் நான் ஏறுவேன்.” சிலையோடு வந்திருந்த சின்ன ஒட்டுத் தகடுகளில் ஒன்று அவளிடம் மிச்சம் இருந்தது. கேப்டன் எண்ணெயைச் சோதித்துக்கொண்டிருந்தார். தகட்டை விமானத்துக்குள் டேஷ்போர்டு மாதிரி இருந்த முகப்பில், நடுவில், எல்லாரும் பார்க்கிற இடத்தில் நானே ஒட்டி, முருகனை நிறுத்தினேன். கிண்ணென்று ஒட்டிக்கொண்டார். முதலில் நானும் கேப்டனும் ஒரு சுற்று, அப்புறம் மனைவியும் கேப்டனும் ஒரு சுற்று என்று பேச்சு.

கிளம்பினோம். விளம்பரத்தில் எழுதியிருந்த தூரம் எப்போதோ தாண்டிப் போய்விட்டது. அதை எழுதியவர்கள் குளிர்ந்த நாட்டில், காய்ந்த தரையில், ஒல்லியான ஆளை வைத்துச் சோதித்திருப்பார்கள். மரங்கள் வந்துகொண்டே இருந்தன. முதலில் ஓலை தெரிந்தது, பிறகு பழக்குலை தெரிந்தது, குலையில் பழுத்த பழம் எது என்றுகூடத் தெரிந்தது. உரிமம் பெற்ற விமானி என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்தேன், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். திறந்தபோது மரங்கள் கீழே இருந்தன. கேப்டன் எதுவும் நடக்காத மாதிரி உட்கார்ந்திருந்தார்.

“இப்ப நீங்க ஓட்டுங்க டாக்டர்.”

எனக்குத் தைரியம் திரும்பியது. தைரியம் மட்டும் திரும்பியிருந்தால் பரவாயில்லை, வாயும் திரும்பியது. “வழி காட்டுற அந்த ஸ்கிரீனை அணைச்சிடுங்க கேப்டன். நான் பழைய ஆளு, கம்பஸைப் பாத்தே ஓட்டுவேன்.” கேப்டன் அணைத்தார். “அப்ப நேர் மேற்கே, கடல் பக்கம் போங்க” என்றார். முருகனுக்குப் பக்கத்திலிருந்த கம்பஸில், அந்தத் திசைகாட்டியில், மேற்கைக் கொண்டுவந்து நிறுத்தி, ஒரு மயிரிழை விலகாமல் பிடித்தேன். இவ்வளவு சுத்தமாக நான் ஓட்டியதே இல்லை.

கொஞ்ச நேரம் கழித்துக் கேப்டன் கேட்டார்: “டாக்டர், மேற்குல என்ன இருக்கணும்?”

“கடல்.”

“கடல் எங்க இருக்கு?”

பார்த்தேன். கடல் இடது பக்கம் இருந்தது. மின் நிலையத்தின் புகைபோக்கிகளும் இடது பக்கம் இருந்தன. காப்பாரில் எந்தச் சந்தில் நின்று பார்த்தாலும் தெரிகிற அந்தப் புகைபோக்கிகள்.

“கம்பஸ் மேற்குன்னுதான் காட்டுது” என்றேன்.

“நான் கம்பஸைக் கேக்கல.”

பிறகு அவர் முகப்பைப் பார்த்தார். முருகனைப் பார்த்தார். “இவருக்கு அடியில காந்தமா?”

எனக்குக் காது சூடாகிவிட்டது. காந்தம்தான். இல்லாவிட்டால் எப்படி ஒட்டுவார்? கம்பஸுக்குப் பக்கத்தில் காந்தமோ இரும்போ வரக்கூடாது என்பது பறக்கப் படிக்கிறவன் முதலில் படிக்கிற பாடங்களில் ஒன்று. என் நோயாளிகள் பலருக்கு, வாய் திறந்திருக்கும் நேரத்தில், நானே அதை விளக்கியிருக்கிறேன்.

“சாமியை நான் தொடக்கூடாது டாக்டர். நீங்களே எடுங்க” என்றார் கேப்டன் மரியாதையாக.

எடுத்து என் வலது பக்கம் தள்ளிப் பிடித்தேன். கம்பஸ் சோம்பல் முறித்துக்கொண்டு வடக்கே திரும்பியது. நான் பிடித்த பிடியில் போயிருந்தால் பேராக் மாநிலம் போய்ச் சேர்ந்திருப்போம்.

இறங்கும்போது தரை போதும் போதும் என்று மிச்சம் இருந்தது. விமானம் சொன்னதைச் செய்கிற விமானம்தான், ஆள்தான் அப்படி இல்லை. எஞ்சினை நிறுத்திய பிறகு கேப்டன் என்னைப் பார்த்து, “சாமி உள்ள வர முடியாது. மேடம்கிட்ட நீங்களே சொல்லிடுங்க” என்றார்.

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று நினைத்தேன். முருகன் இல்லாமல் ஏற மாட்டேன் என்றுவிட்டால் எல்லாம் முடிந்தது. விமானம் கைவிட்டுப் போவதுகூட இரண்டாவது கவலைதான். அந்தப் பக்கத்து சீட்டு காலியாகவே போய்விடும். ஆனால் இவளிடம் எதை ஒளித்து என்ன, எங்கே ஒழுகுகிறது என்று பார்த்துவிடுவாள். நடந்ததைச் சொன்னேன்.

“பரீட்சையில இதைப் பத்திக் கேள்வி வந்துச்சா?” என்று கேட்டாள்.

“வந்துச்சு.”

“சரியா எழுதினீங்களா?”

“எழுதினேன்.”

“அப்புறம்?”

“ஒட்டும்போது ஞாபகம் வரல.”

என்னை ஒரு தரம் பார்த்தாள். கோபம் இல்லை. பயம் இருந்தது, அதை மறைக்கவும் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்த முருகனை எடுத்து, மறுபடி என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை அவளே மடக்கிவிட்டாள். “பிடிச்சுக்கிட்டு நில்லுங்க. கீழ விட்டுடாதீங்க” என்று சொல்லிவிட்டு, காலணியின் மண்ணைத் தட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

அவளோடு அந்த விமானம் கிளம்பிய அழகை என்னவென்று சொல்வது. நண்பனின் லோரி நின்ற இடத்தைக்கூட எட்டவில்லை, மேலே போய்விட்டது. மரங்களைத் தாண்டியபோது அவற்றுக்கு இரண்டு மடங்கு உயரத்தில் இருந்தது. “பாத்தியாடா, இதான் வண்டி” என்றான் நண்பன். அது கடல் பக்கம் சின்னதாகி, சின்னதாகி, சத்தமும் இல்லாமல் போனது.

நான் தரையில் நின்றேன். ஒரு வருடமாகப் படித்தது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. இறக்கையின் முன்விளிம்பு, மெதுவான வேகம், மணல் மூட்டைச் சோதனை எதுவும் வரவில்லை. துணி என்பது மட்டும் நினைவுக்கு வந்தது. பாலியஸ்டர். அதற்கு நடுவில் அவள். கோலாலம்பூர் பக்கம் மழை மேகம் ஏறிக்கொண்டிருந்தது. நண்பன் ஏதோ கல்யாணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தான். வானத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. நிஜமாகவே பார்க்க முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன்.

குனிந்தபோதுதான் என் கையைப் பார்த்தேன். கட்டைவிரல் அதுபாட்டுக்கு முருகனின் முகத்தையும் மார்பையும் தேய்த்துக்கொண்டிருந்தது. பெயிண்ட் போயிருந்த இடம் என் விரலுக்கடியில் அளவெடுத்த மாதிரி இருந்தது. திருப்பிப் பார்த்தேன். பின்பக்கமும் போயிருந்தது, மற்ற விரல்கள் சுற்றிப் பிடிக்கிற இடத்தில். டேஷ்போர்டில் எங்களைப் பார்த்து நிற்கிற சாமியின் முகத்தில் வெயில் எப்படிப் படும்? அப்படி வெளுத்திருந்தாலும் விரல் விரலாக வெளுக்காது.

அத்தனை சனிக்கிழமையும் அவள் காருக்குள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அண்ணாந்து பார்க்காததற்குக் காரணமும் தெரிந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “வெயிலு கண்ணைக் குத்துதா?” என்றான் நண்பன். ஆமாம் என்றேன். அப்போது வெயிலே இல்லை.

விமானம் திரும்பி வந்து, பூனை குதித்த மாதிரி இறங்கி நின்றது. அவள் இறங்கினாள். கூந்தல் கலைந்திருந்தது, முகம் சின்னப் பெண் முகம் மாதிரி இருந்தது. கிட்டே போனேன். சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. மன்னிப்பு என்று ஏதோ ஆரம்பிக்கலாம் என்றும் நினைத்தேன். வாயைத் திறந்தால் வந்தது இதுதான்:

“முடிஞ்சதா? சாப்பிடப் போலாமா?”

அவள் நின்றுவிட்டாள். என் முகத்தைப் பார்த்தாள், மூடிய கையைப் பார்த்தாள். “போலாம்” என்றாள்.

காரை அவள்தான் ஓட்டினாள். காப்பார் சாலைக்கு வந்த பிறகு, “வாங்கலாம். பேப்பர் சரி, துணியும் சரி. பத்து கிலோ குறைங்க, நான் பக்கத்துல உக்கார்றேன்” என்றாள். பிறகு சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், முருகனை வாங்கி வைக்க இடது கையை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை. கிள்ளான் வரைக்கும் நானே வைத்துக்கொள்கிறேன் என்றேன்.

கொஞ்ச தூரம் போனோம்.

“ரொம்ப அழுத்தாதீங்க” என்றாள். “மிச்சப் பெயிண்டும் போயிடும்.”